உணவறையிலிருந்து நிலக்கீழ்த்தளம் வரை: ஹோகாத் அச்சகத்தின் வளர்ச்சியும் அதன் உற்பத்தி உறவுகளும்

இருபதாம் நூற்றாண்டு ஆங்கில இலக்கியத்தின் வரலாற்றை எழுதுவோர் நனவோடை உத்தி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவர்; கவிதையிற் சிதறிய படிமங்கள் பற்றியும் தனிமனித அகவுலகம் பற்றியும் எழுதுவர். அந்த நூல்களின் எழுத்துக்களைக் கோத்தவர் யார், அச்சுப்பொறிக்குப் பணம் கொடுத்தவர் யார், பொதி கட்டித் தபாலிற் சேர்த்தவர் யார் என்னும் வினாக்கள் அடிக்குறிப்பிற்கு உரியனவாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளன. இலக்கியம் என்பது எழுதப்படுவதோடு அமையாது உற்பத்தி செய்யவும் படுகின்றது என்பதை ஒப்புக்கொள்வோர்கூட, உற்பத்தி என்ற சொல்லை உருவகமாகவே பயன்படுத்தி அப்பாற் செல்வதுண்டு. நாம் இங்கு அச்சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்கிறோம். 1917 ஆம் ஆண்டில் இலண்டனின் புறநகராகிய றிச்மண்டில், ஒரு வீட்டின் உணவறையிலே தொடங்கப்பெற்ற ஹோகாத் அச்சகம், ஏழாண்டுகளுக்குள் அவ்வீட்டிற்கு அடங்காத ஒரு நிறுவனமாக மாறியது. அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதன்போது உழைப்பும் உடைமையும் எவ்வெவ்வாறு இடம் பெயர்ந்தன என்பனவே எமது ஆய்வுப் பொருள்.

இலங்கை வாசகருக்கு இவ்வச்சகத்தின் உரிமையாளருள் ஒருவர் அந்நியர் அல்லர். லெனாட் வூல்ப் 1905 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வோல்தேயரின் நூற்றொகுதிகளோடும் ஒரு நாயோடும் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வந்து சேர்ந்த சிவில் சேவை உத்தியோகத்தர். 1907 வரை அங்கு பணியாற்றினார். 1906 இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தார். பின்னர் கண்டியிலும், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகவும் இருந்தார். விடுமுறையில் இங்கிலாந்து சென்றவர் 1912 இற் பதவியைத் துறந்தார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வேர்ஜீனியாவை மணந்தார். இலங்கைக் கிராம வாழ்வை வைத்து அவர் எழுதிய ‘காட்டிலொரு கிராமம்’ என்னும் நாவல் 1913 இல் வெளிவந்தது. இந்நாவலைப் பற்றி எமது பல்கலைக்கழகங்களிற் பேசப்பட்ட அளவிற்கு அவருடைய அச்சுத் தொழில் பற்றிப் பேசப்படவில்லை.

அச்சுப்பொறி வாங்கும் எண்ணம் 1915 ஜனவரி 25 ஆந் திகதி, வேர்ஜீனியாவின் பிறந்த நாளன்று உருவானது. அன்று மூன்று தீர்மானங்கள் செய்யப்பட்டன: றிச்மண்டிலுள்ள ஹோகாத் இல்லத்தை எடுப்பது, ஓர் அச்சுப்பொறி வாங்குவது, ஒரு புல்டோக் நாய் வாங்குவது. வீடு விரைவிற் கிடைத்தது. அச்சுப்பொறிக்கு இரண்டாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. வேர்ஜீனியா கடும் மனநோய்க்கு உட்பட்டிருந்த காலம் அது. எழுத்தின் இறுக்கத்திலிருந்து அவருடைய மனத்தைச் சில மணி நேரமாவது விடுவிக்கத்தக்க ஒரு கைத்தொழில் வேண்டும் என்று லெனாட் கருதினார். அச்சகத்தின் தோற்றத்துக்கு இலக்கியப் புரட்சி எதனையும் காரணமாகக் காட்ட வேண்டியதில்லை. மருத்துவத் தேவையே முதற் காரணம்.

தொழிலைக் கற்க விரும்பிய இருவரும் இலண்டனிலிருந்த செயின்ற் பிறைட் அச்சுக்கலைப் பள்ளியை நாடினர். அங்கு இடம் மறுக்கப்பட்டது. தொழிற்சங்கம் ஏற்றுக்கொண்ட பயிலுநர்க்கே அங்கு பயிற்சி; அவர்களின் தொகையும் வரையறுக்கப்பட்டிருந்தது. நடுத்தர வயதை அணுகிக்கொண்டிருந்த இரு கனவான்களுக்கு அந்த வாயில் அடைபட்டே இருந்தது. வூல்ப் தம்பதியரின் வரலாற்றைக் கூறுவோர் பலர் இந்நிகழ்ச்சியைத் தொழிற்சங்கத்தின் குறுகிய மனப்பான்மைக்கு எடுத்துக்காட்டாக நகைச்சுவையோடு கூறுவர். நாம் அவ்வாறு நோக்க முடியாது. பொறிக்கோப்பு வந்து கையாற் கோப்போரின் பிழைப்பை அச்சுறுத்திய ஒரு காலத்தில், தொழிலின் வாயிலைக் காப்பது அத்தொழிலாளருக்கு உணவுப் பிரச்சினையாக இருந்தது. ஓய்வு நேரத்துக்காக அச்சுக்கோக்க வந்தோருக்கும் உணவுக்காக அச்சுக்கோத்தோருக்கும் இடையே நின்ற கதவு அது. லெனாட் தொழிற் கட்சிச் சார்பினர். கூட்டுறவு இயக்கம் பற்றி எழுதியவர். ரஷ்யாவின் பெப்ரவரிப் புரட்சியின் நினைவாகப் பெயரிடப்பட்ட 1917 கழகத்தை நிறுவியோருள் ஒருவர். அவருக்கே இக்கதவு சாத்தப்பட்டமை வரலாற்றின் ஒரு சிறு குறும்பு.

1917 மார்ச் 23 ஆந் திகதி பிற்பகலில் இருவரும் பரிங்டன் வீதியால் நடந்து சென்றபோது எக்செல்சியர் என்னும் அச்சுப் பொருள் விற்பனை நிலையத்தின் கண்ணாடிச் சாளரத்தில் ஒரு சிறு கையச்சுப்பொறியைக் கண்டனர். பதினாறு பக்கங் கொண்ட கைநூலொன்றைப் படித்தாலே தொழில் கைவந்துவிடும் என்று விற்பனையாளர் உறுதியளித்தார். அச்சுப்பொறி, ஈய எழுத்துக்கள், எழுத்துத் தட்டுகள், இரும்புச் சட்டங்கள் முதலியன அனைத்துக்கும் சேர்த்து 19 பவுண் 5 ஷிலிங் 5 பென்ஸ் கொடுத்தனர். ஏப்ரல் மாதத்தில் வந்து சேர்ந்த பொறி உடைந்த உறுப்போடு வந்தது. அதனை உணவறையில் நிறுத்தினர். ஒரு தடவைக்கு ஒரு பக்கத்தையே அதில் அச்சிட முடியும். லெனாட்டின் கைகள் பிறவியிலிருந்தே நடுங்குவன. சிறு ஈய எழுத்தைப் பிடித்து வரிசையில் நிறுத்த அவரால் இயலாது. ஆகவே எழுத்துக் கோப்பது வேர்ஜீனியாவின் வேலையாயிற்று. பொறியை இயக்குவது லெனாட்டின் வேலையாயிற்று. ஒரு பக்கம் அச்சானதும் எழுத்துக்களைக் கலைத்துத் தட்டில் இட்டபின்பே அடுத்த பக்கங்களுக்கு எழுத்துக் கிடைக்கும். இச்சிறு தொழிற்பிரிவு உடலின் இயல்பால் அமைந்தது. பின்னர் வந்த பிரிவினைகள் மூலதனத்தின் இயல்பால் அமைந்தவை.

பத்தொன்பது பவுண் என்பது அக்காலத்தும் பெருந்தொகை அன்று. எனவே எவரும் தொடங்கியிருக்கக்கூடிய முயற்சி இது என்று தோன்றலாம். ஆனால், பிற்பகல் தோறும் கூலியில்லாத வேலையில் ஈடுபடுவதற்கு வேண்டிய நேரம் எங்கிருந்து வந்தது? அச்சுப்பொறியிலும் பார்க்க விலையுயர்ந்த முதலீடு அந்த நேரமே. வேர்ஜீனியாவுக்கு 1909 இல் இறந்த அத்தையிடமிருந்து 2,500 பவுண் கிடைத்தது. தந்தைவழிச் சொத்தும் இருந்தது. அவருடைய பாட்டனார் பிரித்தானியக் கொலனி அலுவலகத்தின் நிரந்தரச் செயலாளராயிருந்தவர். லெனாட் இலங்கையிலிருந்து திரும்புகையிற் சம்பள மீதியோடு, கல்கத்தாக் குதிரைப்பந்தயச் சீட்டிழுப்பில் வென்ற 690 பவுணையும் கொண்டு சென்றார். பதவி துறந்து எழுத்தை நம்பும் துணிவுக்கு அப்பணம் பின்னணியாயிற்று. 1929 இல் வெளிவந்த ‘ஒருத்திக்கென ஓர் அறை’ என்ற நூலில், பெண் ஒருத்தி எழுதுவதற்கு ஆண்டுக்கு ஐந்நூறு பவுணும் பூட்டுள்ள ஓர் அறையும் வேண்டும் என்று வேர்ஜீனியா வாதிக்கிறார். அதிலே கதைசொல்லிக்கு அந்த வருமானத்தை விட்டுச்செல்லும் அத்தை பம்பாயிற் குதிரையிலிருந்து விழுந்து இறந்தவராகக் காட்டப்படுகிறார். ஆசிரியை பம்பாயை எவ்வளவு சிந்தித்துத் தெரிந்தாரோ நாம் அறியோம். ஆனால் ஆங்கில நடுத்தர வர்க்கத்தின் சிந்தனைச் சுதந்திரம் எந்த நிலத்தில் வேரூன்றியிருந்தது என்பதை அந்த ஓர் ஊர்ப்பெயர் கூறிவிடுகின்றது.

நேரத்தின் மற்றோர் ஊற்று வீட்டினுள்ளேயே இருந்தது. நெலி பொக்சல், லொற்றி ஹோப் என்னும் இரு பணிப்பெண்கள் 1916 முதல் ஹோகாத் இல்லத்தில் சமையலையும் வீட்டு வேலையையும் கவனித்து வந்தனர். உணவறை அச்சுக்கூடமானபோது உணவு சமைப்பது நின்றுவிடவில்லை. எழுத்துக் கோக்கும் கைகள் பாத்திரம் கழுவாதிருப்பதற்கு வேறிரு சோடிக் கைகள் வேண்டியிருந்தன. வீட்டுத்தொழில் பற்றிய பொருளியல் ஆய்வுகளில் எப்போதும் விடுபட்டுப் போகும் உழைப்பு இதுவே.

முதல் வெளியீடு 1917 ஜூலையில் வந்த ‘இரண்டு கதைகள்’. கணவர் கதை ஒன்று, மனைவி கதை ஒன்று. டோரா கரிங்டனின் மரச்செதுக்குப் படங்கள் நான்கு. 150 படிகள் அச்சாகி 134 விற்பனையாயின. அடுத்தது கதரின் மான்ஸ்பீல்டின் ‘தொடக்கவிசை’. 1917 நவம்பரில் எழுத்துக் கோக்கத் தொடங்கி 1918 ஜூலையிலேயே நூல் முடிந்தது. அறுபத்தெட்டுப் பக்கங்கள், 300 படிகள். உணவறைப் பொறியில் இதனை ஒப்பேற்ற முடியாது என்று தெரிந்ததும், றிச்மண்டில் சிறு அச்சகமொன்றை நடத்திய மக்டேமற் என்பாரின் பெரிய பொறியில் லெனாட் தாமே பக்கங்களை அச்சிட்டார். பள்ளியிற் கற்க முடியாத தொழில் நுணுக்கத்தை அவருக்குக் கற்பித்தவரும் இந்த மக்டேமற்றே. ஒரு சிறிய வேலையச்சகக்காரரின் அனுபவம் இன்றி ஹோகாத் அச்சகம் இரண்டாவது நூலைத் தாண்டியிராது என்பது எமது துணிபு. அவர் பெயரோ புளும்ஸ்பரி வரலாறுகளிற் போகிற போக்கில் மட்டுமே இடம்பெறுகிறது.

1918 வசந்தத்தில் ஜேம்ஸ் ஜொய்சின் ‘யுலிசிஸ்’ கையெழுத்துப்படி ஹோகாத் இல்லத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அதனைத் தங்கள் பொறியில் அச்சிட முடியாதென வூல்ப் தம்பதியர் திருப்பியனுப்பினர். வேர்ஜீனியாவுக்கு ஜொய்சின் எழுத்தின்பால் இருந்த மனத்தடையையே விமரிசகர் பெரிதுபடுத்துவர். அத்தடை இருந்தது உண்மையே. ஆனால் ஒரு பக்கம் ஒரு பக்கமாக அச்சிடும் பொறியில் அத்தகைய நூல் ஆண்டுகளை விழுங்கியிருக்கும். லெனாட் கேட்டுப்பார்த்த தொழில்முறை அச்சகத்தார் இருவரும் மறுத்தனர். ஆபாசக் குற்றத்துக்கு எழுத்தாளரோடும் வெளியீட்டாளரோடும் அச்சிட்டவரும் தண்டிக்கப்படலாம் என்பது ஆங்கிலச் சட்டம். கருத்துச் சுதந்திரத்தின் எல்லையை நீதிமன்றத்துக்கு முன்னரே அச்சகத்தின் வாயிலில் வரைந்துவிடும் ஏற்பாடு அது. சொந்த அச்சுப்பொறி வைத்திருப்போருக்கு அத்தடை இல்லை. ஆனால் அப்பொறிக்குச் சக்தி இல்லை. சிறு உற்பத்தியாளனின் சுதந்திரமும் இயலாமையும் ஒரே இரும்பில் வார்க்கப்பட்டவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

முதல் நான்கு ஆண்டுகளின் கணக்கை லெனாட் பைசா பிசகாது எழுதி வைத்தார். கச்சேரியில் பழகிய கை அல்லவா! 1917 முதல் 1920 வரை மூலதனச் செலவு 38 பவுண் 8 ஷிலிங் 3 பென்ஸ். அக்காலத்து நிகர இலாபம் ஏறத்தாழ 90 பவுண். பார்வைக்கு வியப்பூட்டும் இலாப வீதம். ஆனால் இக்கணக்கில் வீட்டு வாடகை இல்லை. கோப்போரின் கூலி இல்லை. பொறி இயக்குவோரின் கூலி இல்லை. கட்டுவோரின் கூலி இல்லை. சொந்த உழைப்பை விலையற்றதாகக் கொள்ளும் சிறு பண்ட உற்பத்தியின் வழக்கமான கணக்கு இது. எமது கிராமத்துக் கைத்தறியாளரும் சுருட்டுக் கொட்டில் வைத்திருப்போரும் இதே முறையிற் கணக்குப் பார்ப்பதைக் காணலாம். வேறுபாடு ஒன்றுண்டு: கைத்தறியாளருக்கு அந்த இலாபமே சோறு. வூல்ப் தம்பதியருக்கு அஃது அடுத்த நூலுக்கான காகிதம்.

திருப்பம் 1919 இல் வந்தது. வேர்ஜீனியாவின் ‘கியூ தோட்டம்’ என்னும் சிறுகதை மே மாதத்தில் 150 படிகளாக வெளிவந்தது. ஆரம்பத்தில் விற்பனை மந்தமே. மாத இறுதியில் ரைம்ஸ் இலக்கிய இதழில் பாராட்டு மதிப்புரை ஒன்று வந்தது. நாட்டுப்புற வீட்டிலிருந்து றிச்மண்டுக்குத் திரும்பிய இருவரும் கதவைத் திறந்தபோது, கூடத்தின் தரையெங்கும் நூல் கேட்டெழுதிய அஞ்சலட்டைகளும் கடிதங்களும் பரந்து கிடந்தன. கையால் மீண்டும் எழுத்துக் கோத்து இத்தேவையை நிறைவு செய்ய முடியாது. றிச்சட் மட்லி என்ற அச்சகத்தாரிடம் 500 படிகள் அச்சிடக் கொடுத்தனர். நண்பர் வட்டத்துக்குள் முன்பணம் பெற்று நூல் அனுப்பிய ஓர் அமைப்பை, முகமறியாச் சந்தை ஒரே வாரத்தில் உடைத்தது. சந்தாதாரரை ‘அ’ பிரிவினர், ‘ஆ’ பிரிவினர் என வகுத்து, முன்னவரிடம் வைப்புப்பணம் பெற்று எல்லா நூல்களையும் அனுப்புவதும், பின்னவருக்கு அறிவித்தல் மட்டும் அனுப்புவதுமாக இருந்த முறை 1923 வரை நீடித்தது. இது புரவலர் முறைக்கும் சந்தைக்கும் இடைப்பட்ட ஒரு வடிவம். அதன் பின்னர் புத்தகக் கடைகளே வழி.

1920 இல் மாக்சிம் கோர்க்கியின் டோல்ஸ்டாய் நினைவுகளைக் கொட்டெலியன்ஸ்கியும் லெனாட்டும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். அந்நூல் தொடக்கத்திலேயே வெளி அச்சகத்திற்குக் கொடுக்கப்பட்டு 1,000 படிகள் அச்சாகியது. விரைவில் மறுபதிப்பும் வேண்டியிருந்தது. பொழுதுபோக்கு, தொழிலாக மாறிய இடம் இதுவே என்று லெனாட் தமது தன்வரலாற்றிற் கருதுகிறார். நாமும் அக்கணிப்பை ஏற்கலாம். உணவறையை உடைத்து வெளியேறச் செய்தவர் புளும்ஸ்பரிக் கனவான் எவருமல்லர். வொல்கா நதிக்கரைச் சுமைகாரர்களோடு வளர்ந்த கோர்க்கி என்பது எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இவ்விடத்தில் 1921 இல் வெளிவந்த ஒரு சிறு நூலைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். லெனாட்டின் ‘கிழக்கின் கதைகள்’ 300 படிகளாகக் கைப்பொறியில் அச்சிடப்பட்டது. மூன்று கதைகளுள் ஒன்று ‘இரு பிராமணர்’. களம் யாழ்ப்பாணம். இரு பிராமணர் இருவேறு ஆசைகளாற் சாதியிழக்கின்றனர். ஒருவருக்கு மீன்பிடிக்கும் கலையில் மயக்கம். இரவில் மீனவரோடு சேர்ந்து வலை வீசக் கற்கிறார். மற்றவர் கருமி, கிணறு தோண்டும் கூலியை மிச்சம் பிடிக்கத் தாமே மண் சுமக்கிறார். ஊர் இருவரையும் தள்ளிவைக்கிறது. தலைமுறைகள் கடந்தும் அக்கறை நீங்குவதில்லை. கதையின் ஏளனம் கச்சேரி மேசையிலிருந்து நோக்கும் ஏளனம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஊரார் ஒருவரேனும் முழு மனிதராக அதில் உருப்பெறவில்லை. ஆயினும், உடலுழைப்பைத் தீட்டாக்குவதே சாதியின் அச்சாணி என்பதைக் கதை மிகச் சரியாகப் பற்றிக்கொள்கிறது. நிலவுடைமை உறவுகளில் ஊறிய யாழ்ப்பாணச் சமூகத்தைப் பற்றி அக்காலத்துத் தமிழ்ப் புனைகதைகள் பல கூறத் தயங்கியதை இக்கதை கூறிவிடுகிறது.

இக்கதையை அச்சிட்டோரின் நிலையை இப்போது நினைத்துப் பார்ப்போம். பின்னேரங்களில் கை நிறைய மசியோடு நின்ற இருவரும் தம் சமூகத்தின் உயர் படிநிலையைச் சேர்ந்தவர்கள். ஒருவர் முன்னாள் நிருவாகி. மற்றவர் அறிஞர் குடும்பத்து மகள். ஆசைக்காகத் தொழிலாளியின் வேலையைச் செய்த அவ்வகையில் அவர்கள் வலைவீசிய பிராமணரின் உறவினரே. கூலியை மிச்சம் பிடிக்கும் குணமும் லெனாட்டிடம் நிறைய இருந்தது. அவ்வகையில் மண் சுமந்தவருக்கும் அவர் தூரத்தவரல்லர். ஆனால் மசியால் அவர்களுக்கு எந்த இழிவும் நேரவில்லை. நேர்மாறாக, அவர்களின் கைபட்ட கோணல் வரிகளும் எழுத்துப் பிழைகளுங்கூடப் பின்னாளிற் பழம்பொருள் சேகரிப்போரிடம் பெருவிலை பெற்றன. முதலாளித்துவச் சமூகம் உடலுழைப்பைத் தீட்டென்று கூறுவதில்லை. உடைமை உள்ளவனின் உழைப்பை விருப்பக்கலையாகவும் உடைமை அற்றவனின் உழைப்பைக் கூலியாகவும் அது பெயர் பிரிக்கிறது. செயின்ற் பிறைட் பள்ளியின் கதவு பற்றி நாம் முன்னர் கூறியது இதனோடு சேர்த்து நோக்கற்பாலது.

1921 நவம்பரில் மினேவா என்னும் மிதியச்சுப்பொறியை 70 பவுண் 10 ஷிலிங்குக்கு வாங்கினர். எமது ஊர் அச்சகங்களில் ‘ட்றெடில்’ என்று வழங்கிய அதே வகை. காலால் மிதித்து இயக்குவது. அதன் பாரத்தை அறிந்த மக்டேமற், உணவறையில் நிறுத்தினாற் தரை இடிந்து கீழேயுள்ள அடுக்களையில் சமையற்காரியின் தலைமேல் விழும் என்று எச்சரித்தார். ஆகவே நிலக்கீழ்த்தளத்து உணவுக் களஞ்சிய அறையில் அது நிறுத்தப்பட்டது. அச்சுத்தொழில் வீட்டை எவ்வாறு உண்ணத் தொடங்கியது என்பதற்கு இதைவிட நேரான படிமம் ஒரு நாவலாசிரியருக்கும் தோன்றாது. பொறி மேலே நின்றாற் சமையற்காரிக்கு ஆபத்து. கீழே நின்றால் அவருடைய அரிசி மாச்சாடிகளுக்கு இடமில்லை.

இதற்கு முன்னரே, 1920 இல், றல்ப் பாற்றிட்ஜ் என்ற இளைஞர் ஆண்டுக்கு 100 பவுணுக்கும் இலாபத்தில் அரைப்பங்கிற்கும் பகுதிநேர உதவியாளராகச் சேர்ந்திருந்தார். முதற் தடவையாக உழைப்புக்கு விலை குறிக்கப்பட்டது. அத்தோடு பிணக்குகளும் தொடங்கின. நிறுவனத்தை முழுமையான வாணிகமாக்க வேண்டுமென்பது இளைஞரின் கருத்து; தம் விருப்பத்தின் கட்டுப்பாட்டை விடமுடியாதென்பது உரிமையாளரின் கருத்து. 1922 இல் ஹைன்மன் என்னும் பெரிய வெளியீட்டகம் அச்சகத்தைத் தன்னோடு இணைத்துக்கொள்ள முன்வந்தது. வூல்ப் தம்பதியர் மறுத்தனர். பாற்றிட்ஜ் 1923 இல் விலகினார். அவருக்குப் பின் வந்த இளைஞர்களும் நீண்ட காலம் நிலைக்கவில்லை. மேலாளன் என்று அழைக்கப்பட்டு, பொதி கட்டவும் கடைகளுக்கு அலையவும் முகவரி எழுதவும் வேண்டியிருந்தமையும், ஒவ்வொரு பென்சுக்கும் லெனாட்டுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தமையும் அவர்களின் பொதுவான குறை. குடும்பத் தொழிலின் உரிமையாளன் தனக்குத் தானே விதித்துக்கொண்ட தியாகத்தைக் கூலிக்கு வந்தவனிடமும் எதிர்பார்ப்பான். தியாகத்தின் பலனாகிய உடைமை மட்டும் பின்னவனுக்கு இல்லை.

1922 இல் ‘ஜேக்கபின் அறை’ வெளிவந்தது. அதுவரை வேர்ஜீனியாவின் நாவல்கள் அவருடைய தாய்வழி அரைச்சகோதரரான ஜெரால்ட் டக்வேத்தின் வெளியீட்டகத்தால் வந்தவை. இம்முறை எடின்பரோவிலிருந்த தொழில்முறை அச்சகமொன்றில் அச்சிட்டுத் தாமே வெளியிட்டனர். மில்ரன் தமது காவியத்தை ஐந்து பவுணுக்கு விற்றதை எடுத்துக்காட்டி, பட்டுப்புழு நூல் நூற்பதுபோல் இயல்பால் எழுதுபவனையும் வெளியீட்டாளனின் கட்டளைக்கு எழுதுபவனையும் மார்க்ஸ் வேறுபடுத்துவார். வேர்ஜீனியா இரண்டிலும் அடங்காத ஓர் இடத்தில் நின்றார். எழுதுபவரும் வெளியீட்டாளரும் ஒருவரே. பதிப்பாசிரியர் என்ன சொல்வார், வாசகசாலைக்காரர் என்ன சொல்வார் என்று அஞ்சாது தாம் விரும்பியதை எழுதக்கூடிய ஒரே பெண் இங்கிலாந்தில் தாமே என்னும் பொருள்பட அவர் நாட்குறிப்பில் எழுதினார். அவருடைய வடிவச் சோதனைகள் ‘ஜேக்கபின் அறை’யோடு உச்சம் நோக்கித் திரும்புவது தற்செயலன்று. வடிவத்தின் வரலாற்றை உற்பத்திச் சாதனத்தின் வரலாற்றிலிருந்து முற்றாகப் பிரித்தெழுதுவோர் இந்த ஆண்டுக் கணக்கையேனும் கவனிக்க வேண்டும். அதேவேளை, அச்சுப்பொறி நாவலை எழுதிற்று என்று கூறும் கொச்சைப் பொருள்முதல்வாதத்துக்கும் நாம் உடன்படோம். அதே பொறியிலிருந்து தரங்குறைந்த நூல்களும் வந்தன.

ரி. எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ 1923 செப்ரெம்பரில் ஏறத்தாழ 460 படிகளாக வெளிவந்தது; எழுத்துக் கோத்தவர் வேர்ஜீனியா. அரசியலில் எம்மிலிருந்து எட்டாத் தூரத்தில் நின்ற ஒரு கவிஞரின் வரிகளை, வெற்றிடங்களையும் உடைந்த அடிகளையும் எண்ணி எண்ணி நிறுத்திய அந்தக் கைகளின் உழைப்பு எந்தத் திறனாய்வாளனின் வாசிப்பையும்விட நெருக்கமானது.

1924 மார்ச்சில் வீடும் அச்சகமும் இலண்டனின் தவிஸ்ரொக் சதுக்கத்து 52 ஆம் இலக்க இல்லத்துக்குப் பெயர்ந்தன. மேல்மாடிகளில் குடியிருப்பு; இடையில் ஏற்கனவே வாடகைக்கிருந்த சட்டத்தரணிகளின் அலுவலகம்; நிலக்கீழ்த்தளத்தில், முன்னர் சமையற்கட்டாயிருந்த அறைகளில், அச்சகம். பின்புறத்திலிருந்த பழைய பில்லியட் கூடத்தில், விற்பனைக்கான நூற்பொதிகள் சூழ வேர்ஜீனியா எழுதினார். தொழிலகமும் வீடும் பிரிந்தன என்று கூறமுடியாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன என்பதே பொருந்தும். அதே ஆண்டில் புரொய்டின் நூல்களை ஆங்கிலத்தில் வெளியிடும் பொறுப்பையும் அச்சகம் ஏற்றது. சில நூறு படிகளின் காலம் முடிந்தது. 1928 இல் ‘ஓர்லாண்டோ’ முதல் ஆறு மாதங்களில் 8,104 படிகள் விற்றது. 1930 இல் வீற்றா சக்வில்-வெஸ்றின் ‘எட்வேடியர்’ அதே அளவு காலத்தில் ஏறத்தாழ 30,000 படிகள் விற்றது. பிரபுக்கள் மாளிகையைப் பற்றிய ஒரு நாவலின் இலாபமே பின்வரும் நூல்கள் சிலவற்றைத் தாங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்நூல்கள் எம் கவனத்துக்கு உரியவை. நோர்மன் லீஸ் கென்யாவின் நிலப்பறிப்பைப் பற்றி எழுதிய நூல் 1924 இல் வந்தது. 1857 இன் இந்திய எழுச்சியைப் பிரித்தானியக் கொடுமையின் பக்கத்திலிருந்து நோக்கிய எட்வேட் தொம்சனின் நூல் 1925 இல் வந்தது. 1930 இல் தொடங்கிய நாளாந்தப் பிரசுர வரிசையின் முதல் வெளியீடு சோவியத் ரஷ்யா பற்றி மார்க்சியப் பொருளியலறிஞர் மொறிஸ் டொப் எழுதியது. 1933 இல் அதே வரிசையில் மேற்கிந்தியத் தீவுகளின் சுயாட்சியை வற்புறுத்தி சி. எல். ஆர். ஜேம்ஸ் எழுதிய பிரசுரம் வெளிவந்தது. கூட்டுறவு இயக்கத்து உழைக்கும் பெண்கள் தம் வாழ்வைத் தாமே எழுதிய தொகுதி 1931 இல் வந்தது. முன்னுரை வேர்ஜீனியா எழுதியது. முசோலினியின் பாசிசக் கோட்பாட்டு விளக்கமும் 1933 இல் அதே வரிசையில் இடம்பெற்றது. எதிரியின் வாயாலேயே எதிரியை அறிவிப்பது என்று லிபரல் மனம் இதற்குச் சமாதானம் கூறலாம். அத்தகைய லிபரல்வாதத்தின் எல்லை அவ்வரிசையிலேயே பொறிக்கப்பட்டுள்ளது என்பது எமது கருத்து. முல்க் ராஜ் ஆனந்த் இவ்வச்சகத்தில் புரூப் திருத்தும் வேலை செய்தவர். ஏகாதிபத்தியத்தின் பணத்தில் கிடைத்த ஓய்வு நேரத்திலிருந்து தோன்றிய ஒரு நிறுவனம், ஏகாதிபத்தியத்துக்கு எதிரான நூல்களையும் வெளியிட்டது. இம்முரண்பாட்டைச் சுட்டிக்காட்டி ஏளனம் செய்வது எளிது. முரண்பாடே இயக்கத்தின் ஊற்று என்று கற்றவர்கள் அவ்வளவில் நின்றுவிட முடியாது. லெனாட்டின் பார்வை கச்சேரியோடு முடிந்துவிடவில்லை. 1915 இன் இலங்கைக் கலவரத்தின்போது நிகழ்ந்த அரசாங்க அடக்குமுறை பற்றி இலண்டனில் நீதி கோரிய இலங்கையருக்கு அவர் துணைநின்றார். 1938 இல் தொழிற் கட்சிக்கு எழுதிய குறிப்பில், இலங்கைக்குச் சுவிற்சர்லாந்து முறையைத் தழுவிய சமஷ்டி ஏற்பாடு ஒன்றையும் ஆலோசிக்கலாமென்றார்.

அச்சகம் விரிய விரியக் கையச்சு சுருங்கியது. 1917 முதல் 1932 வரை தம்பதியர் தம் கையால் அச்சிட்டவை 34 நூல்கள். மினேவாப் பொறி 1930 இல் வீற்றா சக்வில்-வெஸ்றுக்குக் கொடுக்கப்பட்டு சிசிங்ஹேர்ஸ்ற் மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தது. ‘ஹோகாத் அச்சகம்’ என்ற பெயரில் அச்சகம் என்னும் சொல் அதன்பின் ஒரு நினைவுச்சின்னமே. பிறருடைய அச்சகங்களில், தொழிற்சங்கத்தைச் சேர்ந்த கோப்பாளரின் கூலியுழைப்பில் அதன் நூல்கள் உருவாயின. 1938 இல் வேர்ஜீனியாவின் அரைப்பங்கை 3,000 பவுணுக்கு ஜோன் லேமன் வாங்கினார். முப்பதுகளின் இடதுசாரிக் கவிஞர்களை அச்சகத்துக்குக் கொணர்ந்தவர் அவர். பத்தொன்பது பவுணில் தொடங்கியதன் பாதி, இருபத்தொரு ஆண்டுகளில் பெற்ற விலை அது. தாம் விரும்பியதை எழுதும் சுதந்திரத்தின் பொருளாதார அடிப்படை என்று வேர்ஜீனியா கருதிய உடைமையும் அத்துடன் சட்டப்படி அவரைவிட்டு நீங்கியது. பொதிகளும் கையெழுத்துப்படிகளும் தரும் சலிப்பிலிருந்து விடுபட்டதில் அவருக்கு ஆறுதல் இருந்ததென்பதையும் மறுக்க முடியாது.

1940 செப்ரெம்பரில், முந்திய ஆண்டில் இடம்பெயர்ந்து சென்ற மெக்கிளன்பேக் சதுக்கத்து இல்லம் குண்டுவீச்சிற் சேதமுற்றது. அச்சகத்தின் அலுவல்கள் லெச்வேத் நகரில், அதன் நூல்களை அச்சிட்டு வந்த தொழிற்சாலை ஒன்றினுள் அடைக்கலம் புகுந்தன. ஒரு காலத்தில் வீட்டினுள் நின்ற அச்சகம், இப்போது பிறருடைய அச்சுத் தொழிற்சாலைக்குள் குடியிருக்க வந்தது. 1941 மார்ச்சில் வேர்ஜீனியா மறைந்தார். போர் முடிந்தபின் லேமனுக்கும் லெனாட்டுக்குமிடையே நூற்தெரிவு பற்றியும் விரிவாக்கம் பற்றியும் கருத்து வேறுபாடு முற்றியது. 1946 இல் சற்றோ அன்ட் வின்டஸ் என்னும் பெரிய வெளியீட்டகம் லேமனின் பங்கை வாங்கியது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் ஹைன்மனுக்கு மறுக்கப்பட்டது இப்போது வேறொரு பெயரில் நிகழ்ந்தது. அதுவரை 500க்கும் மேற்பட்ட நூல்கள் வெளிவந்திருந்தன.

லெனாட் இறுதிவரை அதன் பணிப்பாளருள் ஒருவராக இருந்தார். 1960 இல் இலங்கைக்கு வந்து தாம் முன்பு பணியாற்றிய ஊர்களைப் பார்த்துச் சென்றார். அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை நாள்தோறும் அவர் எழுதிய உத்தியோக நாட்குறிப்புகள் இலங்கை வரலாற்று ஏடொன்றில் முதலில் அச்சேறின. இந்நாட்டுக் கொம்பொசிற்றர்களே அவற்றை முதலிற் கோத்தனர். 1963 இல் அவை இலண்டனில் நூலுருப் பெற்றபோது, முகப்பில் ஹோகாத் அச்சகத்தின் பெயர் இருந்தது.